ஆட்டக் களமும் அரசியற் களமும்

1824 ஆம் ஆண்டிலே, பிரசிய நாட்டுப் படையின் தலைமையதிகாரியாயிருந்த வொன் மூஃப்லிங் என்னும் சேனாதிபதியின் முன்னிலையில், பீரங்கிப் படையைச் சேர்ந்த இளம் உத்தியோகத்தர் ஒருவர் ஒரு விளையாட்டை விரித்துவைத்தார். அவர் பெயர் வொன் றைஸ்விட்ஸ். அவருடைய தந்தையார் போர்வீரரல்லர்; பிரெஸ்லோ நகரில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். 1812 இல், நிலத்தின் மேடுபள்ளங்களைத் துண்டு துண்டாக அமைத்து அடுக்கத்தக்க மேசையொன்றைச் செய்து அரசருக்குக் காணிக்கையாக்கியவர் அவரே. மகன் அம் மேசையை விட்டு, மெய்யான நிலப்படத்தைக் கைக்கொண்டார். சேனாதிபதியோ நெப்போலியனுடைய காலத்துப் போர்களிற் பழுத்தவர். விளையாட்டென்ற சொல் அவருக்கு உவப்பாயிருக்கவில்லை. எனினும் ஆட்டம் வளர வளர அவர் முகம் மாறிற்று. இது விளையாட்டே அன்று, போருக்குரிய பயிற்சி என்று வியந்து, முழுப் படைக்கும் இதனைச் சிபாரிசு செய்வதாக அவர் சொன்னார் என்பது வரலாறு.

அவ்வாட்டத்தில் அவர் கண்ட புதுமை யாது? நிலப்படம் 8,000 இல் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டது. சிவப்பும் நீலமுமான கட்டைகள் இரு படைகளைக் குறித்தன. ஒவ்வொரு நகர்த்தலும் இரண்டு நிமிடப் போருக்குச் சமம். சுட்டவன் குறி தவறினானோ இல்லையோ என்பதைக் கவறு உருட்டி, அட்டவணையைப் பார்த்து முடிவு செய்தனர். இவையெல்லாம் அருமையானவையே. ஆயினும் ஆட்டத்தின் உயிர்நிலை நடுவரிடத்திலே இருந்தது. இரு கட்சியினரும் தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுத்தல் வேண்டும். எந்தப் படை எந்தப் படையைக் காணக்கூடிய தூரத்தில் உள்ளதோ, அந்த அளவிற்கே அவர் படத்தில் கட்டைகளை வைப்பார். குன்றுக்கு அப்பால் நிற்கும் பகைவன் தெரியமாட்டான். அனுப்பிய தூதன் போய்ச் சேரும்வரை கட்டளையும் போய்ச் சேராது.

நம் நாட்டுத் திண்ணைகளில் ஆடப்பட்ட சதுரங்கத்திலும் ஆடுபுலி ஆட்டத்திலும் இவ்வறியாமைக்கு இடமில்லை. அங்கே இருவருக்கும் பலகை முழுவதும் வெளிச்சம். புலி மூன்றும் எங்கே நிற்கின்றன என்பது ஆடு வைப்பவனுக்குத் தெரியும். எத்தனை ஆடு எஞ்சியுள்ளன என்பது புலி வைப்பவனுக்குத் தெரியும். ஆளுவோரோ பாதிப் பலகையை மட்டுமே கண்டு, மறு பாதியை ஊகித்து ஆடுபவர். இந்த நிலையை மேசைமேற் கொண்டுவந்தவர் றைஸ்விட்ஸ். மனிதர் அதிகாரத்தை எவ்வாறு கையாளுகின்றனர் என்பதை விளையாட்டினால் ஆராயலாம் என்ற எண்ணம் பிற்காலத்தில் முளைத்தது இவ் வித்திலிருந்தே. றைஸ்விட்ஸ் அதனைக் காணவில்லை. 1827 இல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

அரை நூற்றாண்டு கழிந்தபின் அட்டவணைகளும் கவறும் பெருஞ் சுமையாயின. 1876 இல் வேர்டி டியு வேர்னுவா என்னும் பிரசியச் சேனாதிபதி அவற்றை ஒதுக்கி, அனுபவமுள்ள நடுவர் தம் அறிவினாலேயே தீர்ப்புக் கூறட்டும் என்று ஒரு முறை வகுத்தார். ஆட்டம் விரைந்தது, ஆனால் நடுவர் நேர்மையானவராயிருத்தல் வேண்டும் என்ற புதியதொரு நிபந்தனையும் உடன் வந்தது. அந்த நிபந்தனை தவறினால் என்ன விளையும் என்பதற்கு யப்பானியக் கடற்படையின் கதை சான்று. 1942 மே மாதத்தில் யமாற்றோ என்னும் போர்க்கப்பலில், மிட்வே தீவுத் தாக்குதலுக்கு முன்னோடியாக ஓர் ஆட்டம் நடந்தது. அமெரிக்க விமானங்கள் திடீரென்று தாக்குவதாக வைத்துக் கவறு உருட்டிய நடுவர், ஒன்பது குண்டுகள் பட்டன, அக்காகி, காகா என்னும் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கின என்று தீர்ப்பளித்தார். உடனே ஆட்டத்தை நடத்திய உகாக்கி என்னும் தளபதி குறுக்கிட்டு, ஒன்பதை மூன்றாக்கினார், அக்காகி மிதந்தது. மூழ்கியதென்று ஒப்புக்கொள்ளப்பட்ட காகாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் எழுந்து வந்து நின்றது. இதனை எழுதிவைத்தவர் புச்சிடா என்னும் விமானப்படைத் தலைவர். 1942 ஏப்பிரல் 5 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின்மீது குண்டு வீச வந்த விமானங்களை நடத்தியவரும் அவரே. அந்த நாளில் அவர் புறப்பட்டது அக்காகியின் தளத்திலிருந்து. இரண்டு மாதத்தின்பின், யூன் மாதத்து மிட்வேப் போரில் அக்காகியும் காகாவும் வேறு இரண்டு தாங்கிகளும் மெய்யாகவே கடலடியிற் சென்றன. அந்தக் கடலில் தீர்ப்பை மாற்ற ஒருவருமிலர்.

இரண்டாம் உலக யுத்தத்தின்பின், போரை விட்டு அரசியலையே ஆடிப்பார்க்கும் முயற்சி பிறந்தது. கலிபோர்னியாவில் சான்ரா மொனிக்கா என்னும் நகரில் றான்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கே ஹேபேட் கோல்ட்ஹாமர், ஹான்ஸ் ஸ்பையர் ஆகிய இரு சமூகவியலறிஞர் 1955 இலும் 1956 இலும் நான்கு ஆட்டங்களை நடத்தினர். ஒவ்வொரு நாட்டையும் பற்றிக் கற்றுத் துறைபோனவர் அந் நாட்டின் அரசாங்கமாக அமர்ந்தார். அவர் தம் செய்கையை எழுத்திற் கொடுப்பார். அது அந் நாட்டு அரசாங்கம் செய்யக்கூடியதே அன்று என்று கண்டால் நடுவர் மறுப்பார். இயற்கை என்ற பெயரில் வேறொரு கட்சியும் இருந்தது. தலைவர் ஒருவர் மறைதல், எதிர்பாராத கலகம் போன்ற, எந்த அரசாங்கத்தின் கையிலும் இல்லாத நிகழ்ச்சிகளை இடையிற் புகுத்துவது அதன் வேலை. 1956 வசந்தத்தில் நடந்த நான்காம் ஆட்டம் ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்தது. வெளிநாட்டுச் சேவையில் இருந்த உத்தியோகத்தரும் அதிற் கலந்துகொண்டனர். எதிர்காலத்தை முன்னறிவிக்கும் சோதிடமாக இது பயன்படுமா என்று கேட்டவர்க்கு அறிஞர் இருவரும் அடக்கமாகவே விடையிறுத்தனர். 1959 இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுவே: நாளை நடப்பதை ஆட்டம் சொல்லாது, ஆனால் முடிவெடுப்பவனை நெருக்கும் பல திசை அழுத்தங்களையும், அவன் எத்துணை அறியாமையில் முடிவெடுக்கிறான் என்பதையும், நூறு அறிக்கை படித்தாலும் பெறமுடியாத தெளிவோடு அது உணர்த்தும்.

பேர்லினில் மதில் எழுந்த 1961 இல், செப்ரெம்பர் மாதம், பொருளியலறிஞர் தோமஸ் ஷெலிங் அமெரிக்க அரசாங்கத்தின் உயர் உத்தியோகத்தரைக் காம்ப் டேவிட் மாளிகையில் இருத்தி இத்தகைய ஆட்டங்களை நடத்தினார். அவர் கண்டது எதிர்பாராதது. எவ்வளவு கடுமையான நெருக்கடியைக் கட்டிவைத்தாலும், ஆடுவோர் யுத்தத்தில் இறங்கத் தயங்கித் தயங்கிப் பின்வாங்கினர். அணுகுண்டைத் தொட எவரும் துணியவில்லை. இதனைக் கேட்டு ஆறுதலடைந்தோர் பலர். உண்மைக் களத்திலும் இத் தயக்கம் இருக்குமா என்று ஐயுற்றோரும் உளர்.

அவ்வையத்திற்கு விடை வேறொரு நாட்டில் எழுதப்பட்டது. 1964 ஏப்பிரலிலும் செப்ரெம்பரிலும் வாஷிங்ரனில், அமெரிக்க முப்படைத் தலைமையின் சார்பில், வியட்நாமைப் பற்றிச் சிக்மா என்ற பெயரால் இரண்டு ஆட்டங்கள் நடந்தன. இரண்டாவதில் அமர்ந்தோர் சாதாரணர் அல்லர். சனாதிபதியின் பாதுகாப்பு ஆலோசகர் மக்ஜோர்ஜ் பண்டி இருந்தார். விமானப்படைத் தலைவர் லெமே இருந்தார். பாதுகாப்பு அமைச்சின் மக்நோட்டன் இருந்தார். ஒரு கட்சி அமெரிக்காவாகவும் மற்றது வட வியட்நாமாகவும் ஆடின. அமெரிக்கக் கட்சி வடக்கின்மேல் குண்டு பொழிந்தது, வடக்கு பணியவில்லை. குண்டு பெருகப் பெருகத் தெற்கே வரும் படையும் பெருகிற்று. விமானத்தளங்களைக் காக்கத் தரைப்படை வேண்டியதாயிற்று. அதனைக் காக்க மேலும் படை வேண்டியதாயிற்று. வேளாண்மையை முதன்மையாகக் கொண்ட ஒரு நாட்டை, அதன் ஆலைகளையும் பாலங்களையும் இடித்து அடிபணியச் செய்தல் அரிது என்பது மேசைமீதே தெளிவாயிற்று.

பின் நடந்ததை யாவரும் அறிவர். 1965 பெப்ருவரி 7 ஆம் நாள், வியட்நாமில் அமெரிக்க முகாமொன்று தாக்கப்பட்டபோது பண்டி அந்நாட்டிலேயே இருந்தார். இடைவிடாத குண்டுவீச்சை அவரே சிபாரிசு செய்து எழுதினார். மார்ச் மாதம் குண்டுவீச்சுத் தொடங்கிற்று. அதே மாதம் 8 ஆம் நாள் கடற்சேனை தனாங் கரையில் இறங்கிற்று. ஆண்டு முடிவதற்குள் 1,84,000 வரையிலான அமெரிக்கப் போர்வீரர் அங்கே நின்றனர். யுத்தம் முடிந்தது 1975 இல். ஆட்டம் பொய்த்ததா என்றால், இல்லை. அது சொன்னவற்றுட் பெரும்பாலானவை நடந்தன. யப்பானிய தளபதி தீர்ப்பை மாற்றினார். அமெரிக்கத் தலைவர்கள் மாற்றவில்லை, கேட்டார்கள், குறித்துக்கொண்டார்கள், எழுந்து போனார்கள். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை, வெகு தூரத்துக் கிராமங்களில் வயலையும் வீட்டையும் இழந்தோர் உணர்ந்திருக்க மாட்டார்கள்.

அரசியலறிஞருட் சிலர் இதற்கிடையில் வேறு வழியாற் சென்றனர். மேலான மனிதரை இருத்தி ஒருமுறை ஆடுவது ஒத்திகை. எளிய விதியுள்ள ஆட்டத்தைப் பன்முறை ஆடினால் அதுவே பரிசோதனை என்பது அவர் கருத்து. 1950 இல் றான்ட் நிறுவனத்துக் கணிதரான மெறில் பிளட், மெல்வின் டிரெஷர் இருவரும் ஓர் ஆட்டம் அமைத்தனர். இருவர் ஒத்துழைத்தால் இருவர்க்கும் நலம். ஒருவர் நம்ப மற்றவர் வஞ்சித்தால் வஞ்சித்தவர்க்குப் பெருநலம். இருவரும் வஞ்சித்தால் இருவர்க்கும் கேடு. இரண்டு கைதிகளின் கதையாக இதனைச் சொன்னவர் அல்பேட் டக்கர் என்னும் பேராசிரியர். நுண்கணக்கின்படி வஞ்சிப்பதே அறிவுடைமை. ஆனால் அந் நிறுவனத்து அறிஞர் இருவர் அதனை நூறு முறை ஆடியபோது, அறுபது முறை இருவருமே ஒத்துழைத்தனர். கணக்குக்கு அடங்காத ஏதோ ஒன்று மனிதரிடத்தில் இருந்தது.

மிச்சிகன் சர்வகலாசாலையில் அரசியல் கற்பித்த றொபேட் அக்செல்றொட் இதனைக் கணனியில் ஏற்றினார். ஆடும் முறையொன்றை எழுதியனுப்புமாறு அறிஞர்களைக் கேட்டார். 14 முறைகள் வந்தன. ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் 200 முறை ஆடிற்று. மிக நுட்பமான சூழ்ச்சி முறைகளும் அவற்றிடையே இருந்தன. வென்றதோ யாவற்றிலும் சுருங்கியது; ரொறன்ரோ சர்வகலாசாலைப் பேராசிரியர் அனட்டோல் றப்பப்போட் அனுப்பியது. முதலில் ஒத்துழை, பின்னர் எதிரி சென்றமுறை செய்ததை நீயும் செய், அவ்வளவே அதன் விதி. முடிவை யாவர்க்கும் அறிவித்து இரண்டாம் போட்டிக்கு அழைத்தபோது, ஆறு நாடுகளிலிருந்து 62 முறைகள் வந்தன. அதே முறை மீண்டும் வென்றது. இம்முறை தன்னோடு ஆடிய எவரையும் எந்த ஆட்டத்திலும் விஞ்சவே இல்லை, விஞ்சவும் இயலாது. எதிரிக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ தான் அது ஒவ்வொரு முறையும் எடுக்கும். எல்லாரோடும் ஒத்துழைப்பை விளைவித்தபடியால், கூட்டிப் பார்க்கையில் அது முதலிடத்தில் நின்றது. 1984 இல் வெளிவந்த தம் நூலில் அக்செல்றொட் இதனை முதலாம் உலக யுத்தத்துப் பதுங்குகுழிகளுக்குப் பொருத்திக் காட்டினார். நேருக்கு நேர் பல மாதம் கிடந்த ஆங்கிலப் படையும் ஜேர்மானியப் படையும், மேலதிகாரி அறியாமல், நீ சுடாதே, நானும் சுடேன் என்று சொல்லாமற் சொல்லி வாழ்ந்தன. ஆனால் இம்முறைக்கும் ஒரு குறையுண்டு. ஒருவன் கை தவறிச் செய்ததை மற்றவன் வஞ்சனை என்று கொண்டால், பழிக்குப் பழி முடிவின்றிப் போகும். வேலியடைப்பில் ஒரு சாண் நிலத்திற்குத் தொடங்கி மூன்று தலைமுறையாக நீதிமன்றம் ஏறும் குடும்பங்களைக் கண்டோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இவையெல்லாம் ஆராய்ச்சியாளர் கட்டிய களங்கள். கணனிகளைத் தொலைபேசிக் கம்பியால் இணைத்தபின், ஆராய்ச்சி நோக்கமே இன்றி எழுந்த கற்பனை உலகங்கள் அவற்றினும் வளமான களங்களாயின. 1986 இல் அமெரிக்காவில் லூக்காஸ்பிலிம் நிறுவனத்தார் ஹபிட்டற் என்ற ஓர் உலகத்தைச் சோதனைக்காகத் திறந்தனர். அங்கே படத்தில் வரையப்பட்ட மனிதராக நடமாடலாம், பொருள் வாங்கலாம், களவெடுக்கலாம், கொல்லவும் கொல்லலாம். கொலை மலிந்தபோது, இது குற்றமா விளையாட்டா என்று குடிகளிடம் கேட்டனர். குடிகள் ஏறக்குறைய இரு சமபாதியாகப் பிரிந்தனர். ஈற்றில் நகரத்துக்குள்ளே கொலையும் களவும் கூடாவாயின. வெளியே காட்டில் பழைய வழக்கமே நின்றது. குடிகள் வாக்களித்து ஒரு காவலதிகாரியைத் தெரிவு செய்தனர். மெய்வாழ்விற் கிரேக்க வைதிக சபையின் குருவாயிருந்த ஒருவர், ஆயுதந் தொடோம் என்ற விரதத்தோடு அங்கே ஒரு சபையையே நிறுவினார். அவ்வுலகை ஆக்கியோர் இவற்றுள் எதனையும் திட்டமிடவில்லை.

பின்வந்த உலகங்கள் பெரியன. 2005 செப்ரெம்பரில், வேர்ல்ட் ஒவ் வோர்கிறாவ்ற் என்னும் ஆட்டத்தில், ஓர் இடத்துக்குள் மட்டும் பரவவேண்டிய மாயநோய் வளர்ப்பு விலங்குகளோடு ஒட்டி நகரங்களுக்குள் புகுந்தது. வைத்தியம் செய்ய ஓடிவந்தோரும், ஊரைவிட்டு ஓடினோரும், வேண்டுமென்றே நோயைச் சுமந்து திரிந்தோரும் அங்கே காணப்பட்டனர். ஒதுங்கியிருக்குமாறு நிருவாகத்தார் இட்ட கட்டளையை மதித்தோர் சிலரே. தொற்றுநோய் ஆராய்ச்சியாளர் இதனை 2007 இல் ஒரு மருத்துவ ஏட்டில் ஆராய்ந்தனர். 2020 இல் மெய்யான கொள்ளைநோய் வந்தபோது அக்கட்டுரையைப் பலர் மீண்டும் புரட்டினர். ஐஸ்லாந்தியர் ஆக்கிய ஈவ் என்னும் விண்வெளி உலகத்தில் 2008 முதல் ஆடுவோரே வாக்களித்துத் தெரியும் ஆலோசனைச் சபை உண்டு. அங்கே 2014 சனவரியில், ஒரு கூட்டணி தன் பிரதேசத்துக்குரிய கட்டணம் செலுத்தப்படாமற் போனதைக் கவனியாதிருந்தது. அந்தத் தவணை தவறியதால் மூண்ட சண்டையில் 7,500 இற்கும் மேற்பட்டோர் ஈடுபட்டனர். அழிந்த கற்பனைக் கப்பல்களின் பெறுமதி மெய்ப்பணத்தில் மூன்று இலட்சம் டொலர் வரையில் மதிக்கப்பட்டது. இதற்கு எதிர்மாறான அனுபவமும் உண்டு. இந்தியானா சர்வகலாசாலையின் எட்வேட் கஸ்ரநோவா, ஆராய்ச்சிக்கென்றே ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தழுவி ஓர் உலகம் கட்டினார். அதில் இன்பமில்லை என்று ஆடுவோர் ஒதுங்கவே, 2007 இல் அதனைக் கைவிட நேர்ந்தது. பார்க்கப்படுவதற்கென்றே கட்டிய ஊரில் குடியேற எவரும் விரும்பவில்லை.

எனினும் அரசியல் கற்போர்க்கு மிகுந்த பாடம் தந்தது இவற்றுள் எளியதான ஒன்றேயாகும். அதில் படமே இல்லை, எழுத்து மட்டும். 1990 இல் செறொக்ஸ் நிறுவனத்து ஆராய்ச்சியாளர் பவெல் கேட்டிஸ், தம் வீட்டையே மாதிரியாகக் கொண்டு லம்டாமூ என்ற உலகத்தைத் தொடங்கினார். உடுப்பு அலுமாரி ஒன்றன் வழியே உள்ளே நுழைந்து, வரவேற்பறையை அடைந்து, தட்டெழுத்தினால் உரையாட வேண்டும். உலகை நடத்திய நிபுணர்க்கு மந்திரவாதிகள் என்று பெயர். சண்டைகளைத் தீர்த்துத் தீர்த்துச் சலித்த அவர்கள் 1992 டிசெம்பரில் ஓர் அறிவித்தல் விடுத்தனர்: இனி இயந்திரத்தைப் பேணுவதே எம் வேலை, சமூகப் பிணக்குகளை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். மன்னன் முடியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனதுபோன்றது இது. ஆனால் அதனை எடுத்து அணிவதற்கு அங்கே பாராளுமன்றமும் இல்லை, பஞ்சாயமும் இல்லை.

சில மாதங்களில், 1993 இல், ஒரு முகமூடிப் பெயரில் வந்த ஒருவன், பிறர் செய்வதாகத் தோன்றும்படி எழுத்தை இயக்கும் சூழ்ச்சியொன்றைப் பயன்படுத்தி, வரவேற்பறையில் நிறைந்திருந்தோர் முன்னே சில அங்கத்தவரைச் சொல்லாலே மானபங்கம் செய்தான். எழுத்துத்தானே என்று சொன்னோரும் உண்டு. அதற்கு இலக்கானவருள் ஒருவர், அழுதுகொண்டே தம் முறைப்பாட்டை எழுதியதாகப் பின்னர் கூறினார். அவனை நீக்குவதா என்று குடிகள் பெருங்கூட்டமாகக் கூடினர். தண்டிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு, சட்டமில்லாத இடத்தில் குற்றம் உண்டா, பெரும்பான்மையோர் சொன்னால் போதுமா என்று வாதித்தனர். பல நூற்றாண்டாக அரசியல் நூலோர் கேட்ட வினாக்களை அந்நூல்களைக் கையில் எடாமலே ஒவ்வொன்றாகக் கேட்டனர். முடிவு காணாமலே கூட்டம் கலைந்தது. அதன்பின் ஒரு மந்திரவாதி, எவரையும் கேளாமல், தனித்திருந்து அவனை அழித்தார். தீர்ப்புச் சரியென்று மகிழ்ந்தோர் பலர். அதனைக் கொடுத்த விதத்தை எண்ணிக் கலங்கியோரும் பலர். அழிக்கப்பட்டவனோ வேறு பெயரோடு வெகுவிரைவில் திரும்பினான்.

ஊரிலில்லாத கேட்டிஸ் வந்து பார்த்தபின், மனுவும் வாக்கெடுப்பும் கொண்ட ஓர் ஆட்சிமுறையை ஏற்படுத்தினார். எவரும் மனுச்செய்யலாம், போதிய கையொப்பம் சேர்ந்தால் வாக்கெடுப்பு, மறுப்போர் ஒருவர்க்கு ஆதரிப்போர் இருவர் இருந்தால் அது சட்டமாகும், மந்திரவாதிகள் அதனை நிறைவேற்றுவர். பிணக்குத் தீர்க்கும் நடுவர் முறையும் வாக்கினாலேயே உண்டாயிற்று. சட்ட அறிஞர்கள் அதனைக் கருத்தோடு ஆராயத் தொடங்கினர். ஆனால் மனுக்கள் மலையாய்க் குவிந்தன. நடுவரின் தீர்ப்பை எதிர்த்து வேறு மனுக்கள் வந்தன. ஒவ்வொரு சிறு மாற்றமும் யாரோ ஒருவர்க்கு நன்மையும் வேறொருவர்க்குத் தீமையுமாயிற்று. 1996 மே மாதத்தில் மந்திரவாதிகள் மீண்டும் ஓர் அறிவித்தல் விடுத்தனர். இயந்திரம் வேறு, சமூகம் வேறு என்று மூன்றரை ஆண்டுகளுக்கு முன் தாம் பிரித்த பிரிவு நிற்கவில்லை என்றும், அந்தக் காலம் முழுவதும் சமூக முடிவுகளைத் தாம் தவிர்க்கமுடியாமல் எடுத்தே வந்ததாகவும், இனி அவ்வாறு எடுப்பதிலிருந்து ஒதுங்கப்போவதில்லை என்றும் அதில் அவர்கள் எழுதியிருந்தனர்.